இஞ்சேருங்கோ

பெப்ரவரி 8, சனி

இன்று பனிச்சறுக்குச் சாமான் வாடகைக் கடையில் நாற்பத்து மூன்று சோடிக் கால்கள். பாடசாலை விடுமுறை வாரம் தொடங்கிவிட்டது. பாதி சுவிஸ் இந்த மலைக்குத்தான் வந்து இறங்கியிருக்கிறது. ஒவ்வொருவருக்கும் சப்பாத்து மாட்டி, கொக்கி இறுக்கி, விரல் நுனி முட்டுகிறதா என்று கேட்டு, உயரத்துக்கு ஏற்ற பலகை எடுத்துக் கொடுத்து, பிறகு நாலு மணிக்கு எல்லாவற்றையும் ஈரமும் நாற்றமுமாகத் திருப்பி வாங்க வேண்டும். குனிந்து குனிந்து இடுப்பு போய்விட்டது.

இவர் மிதுவோடு இரண்டு பத்து பஸ்ஸில் வந்தார். மிது எங்கள் ஒரே மகள். பேர்ணில் தாதிப் படிப்பு, விடுதியில் இருக்கிறாள். அறைத் திறப்பைப் பக்கத்துப் பேக்கரியில் கொடுத்து வைத்திருந்தேன். ஆறரைக்கு நான் வரும்போது மாடிப்படியிலேயே மீன்குழம்பு மணந்தது. பத்துக் கிலோ அரிசி, குக்கர், இடியப்ப உரல், மூன்று போத்தல் மிளகாய்த்தூள். ஒரு கிழமைக்கு வந்தவரின் சாமான் இல்லை அது.

என் அறையில் ஒரு கட்டில், ஒரு கதிரை, ஒரு கப். மூன்று பனிக்காலமாக டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை நான் இங்கே தனியாக, இவர் பேர்ணில். சண்டை ஒன்றும் இல்லை. வேலை இங்கே கிடைத்தது, அவ்வளவுதான். இவர் இருபத்தொரு வருஷம் சமைத்த உணவகத்தை டிசம்பரோடு மூடிவிட்டார்கள். ஐம்பத்திரண்டு வயதுக்காரனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? இங்கே லிப்ட் ஆட்களுக்குப் பொறுப்பான ஊர்ஸ் கொடுப்பதாகச் சொல்கிறார். மலையின் பாதி உயரத்திலுள்ள நடு ஸ்டேஷனில் நின்று ஆட்களைக் கதிரை லிப்டில் ஏற்றிவிடும் வேலை. வருஷம் முழுக்க.

ஒரே ஒரு நிபந்தனை. காற்று அடித்து லிப்ட் நின்றால், நடு ஸ்டேஷனில் நிற்பவர் தானே சறுக்கிக் கீழே வர வேண்டும். வருகிற சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஊர்ஸ் இவரை, சறுக்குப் பாதைகளில் லேசான நீலப் பாதையால் கூட்டிக்கொண்டு வந்து பார்ப்பார். வந்து சேர்ந்தால் வேலை. வேலை கிடைத்தால் இரண்டு பேரும் ஒரே வீட்டில். இல்லாவிட்டால் இப்படியே.

இவர் வாழ்க்கையில் பலகையில் ஏறியதில்லை. ஆறு நாள் இருக்கிறது. பழக்க வேண்டியது நான்.

"சனிக்கிழமை எட்டு மணிக்கோ? நல்லது. ஒன்பதுக்குத்தான் ராகுகாலம்," என்றார். வேறு கவலை ஒன்றும் அவருக்கு இருப்பதாகத் தெரியவில்லை.

பெப்ரவரி 9, ஞாயிறு

கடையில் பதினொன்றிலிருந்து மூன்று வரை எனக்கு இடைவேளை. வழக்கமாக அந்த நேரத்தில் தூங்குவேன். இந்தக் கிழமை தூக்கம் இல்லை.

சப்பாத்து மாட்டவே அரை மணித்தியாலம். "கால் செத்துப் போச்சு" என்றார். எல்லோருக்கும் அப்படித்தான் என்றேன். பிறகு அதோடு நடக்க வேண்டும், பலகையையும் தோளில் தூக்க வேண்டும். பழகுமேட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் வியர்த்துக் கொட்டி மேல்சட்டையைக் கழற்றிவிட்டார். அங்கே நாலு வயதுப் பிள்ளைகள் வரிசையாகச் சறுக்கிக்கொண்டிருந்தன. பலகையின் முன்நுனிகளைச் சேர்த்துப் பின்பக்கத்தை விரித்தால் வேகம் குறையும், நேராக வைத்தால் ஓடும். இதைச் சின்னப் பிள்ளைகளுக்குப் பிட்சாத் துண்டு, உருளைக்கிழங்குப் பொரியல் என்று பெயர் வைத்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். இவருக்கு அது ஏறவில்லை. எனக்குத்தான் யோசனை வந்தது. பேர்ணில் எங்கள் ஆட்களின் கலியாணம், சாமத்திய வீடு எல்லாவற்றுக்கும் சிற்றுண்டி இவருடைய கைதான்.

"முன்னுக்குச் சேர்த்து, பின்னுக்கு விரிச்சால் சமோசா. நேர வைச்சால் ரோல்ஸ். நிக்க வேணுமெண்டால் சமோசா."

"இதை முதலே சொல்லியிருக்கலாமே," என்று உடனே அழகான சமோசா வைத்தார்.

அவரை முன்னால் விட்டு நான் பின்னால் வந்தேன். பழக்குகிறவர் பின்னால் வந்தால்தான் பிழை தெரியும். பத்து மீற்றர் போனார். வலது கால் உள்ளே சரிந்தது. "இஞ்சேருங்கோ!" என்று கத்தினேன். திரும்பிப் பார்த்தார். விழுந்தார்.

பதினொரு தடவை விழுந்தார். பதினொரு தடவையும் எண்பத்திநாலு கிலோவைத் தூக்கி நிறுத்தினேன்.

பெப்ரவரி 10, திங்கள்

பதினாலு தடவை. தோள் வலிக்கிறது. எழுத ஏலாது.

பெப்ரவரி 11, செவ்வாய்

இன்று தைப்பூசம், மீன் மச்சம் இல்லை. வேலை முடிந்து வந்தபோது பயற்றம்பருப்பு, வெண்டிக்காய்க் குழம்பு, பாயாசம் எல்லாம் வைத்திருந்தார். என் அலுமாரியையும் ஒழுங்குபடுத்திவிட்டார். உப்பு எங்கே என்று நான் கேட்க வேண்டியிருந்தது, என் வீட்டில். "கைக்கு எட்டுற இடத்திலை வைச்சிருக்கிறன்" என்றார். அவருடைய கைக்கு.

குறை சொல்லக் கூடாது. மற்ற வீடுகளில் புருஷன்மார் ஒரு கோப்பையைக் கழுவுவதில்லை. இவர் சமைக்கிறார், கூட்டுகிறார், உடுப்புத் தோய்க்கிறார். தனியாக இருந்த நாட்களில் இரவில் நான் பாணும் சீஸும் தின்றுவிட்டு, ஒருவரோடும் பேசாமல் ஜன்னல் ஓரத்தில் இருப்பேன். இதை அவரிடம் சொன்னால் பாவம் பார்ப்பார்.

பகலில் இன்னும் பன்னிரண்டு. மிது பாடசாலைக் காலத்திலேயே பழகியவள். எங்களைச் சுற்றி வந்து படம் எடுத்துக்கொண்டே இருந்தாள். திரும்பிப் போகும்போது பக்கத்தில் வந்தாள்.

"அம்மா, நீங்கள் கூப்பிடேக்கைதான் அப்பா விழுறார். கவனிச்சனீங்களோ?"

"கூப்பிடாமல் எப்பிடிப் பழக்கிறது?"

"இஞ்சேருங்கோ எண்டால் இஞ்சை பாருங்கோ எண்டுதானே அர்த்தம், அவர் உங்களைத் திரும்பிப் பார்க்கத்தானே செய்வார்? தலை திரும்பினால் உடம்பு திரும்பும். பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோவன்."

"விசர்க் கதை கதையாதை."

கலியாணமாகி இருபத்துநாலு வருஷம். அவருடைய பெயரை நான் ஒரு நாளும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அம்மா அப்பாவைக் கூப்பிட்டதில்லை, நானும் கூப்பிடவில்லை. விண்ணப்பப் பத்திரங்களில் எழுதியிருக்கிறேன். டொக்டரிடம் சொல்லியிருக்கிறேன். நேரே அவரைப் பார்த்து இஞ்சேருங்கோதான். இந்த டயரியில்கூட இவர் என்றுதான் எழுதுகிறேன்.

பருப்புச் சட்டி அடிப்பிடித்திருந்தது. ஊறப் போட்டுவிட்டுப் படுக்கிறேன்.

பெப்ரவரி 12, புதன்

கடையில் முப்பத்தெட்டுச் சோடி. ஒரு பெண்மணி தனக்குக் கொடுத்த பலகை ஓடவில்லை என்று சண்டைக்கு வந்தார். பலகையின் அடிப்பக்கத்தில் அவர் ஒட்டிய ஸ்டிக்கர். உரித்துக் கொடுத்தேன்.

பழகுமேட்டில் ஒன்பது தடவை. ஒன்பதும் நான் கூப்பிட்டபோது.

பத்தாவது தடவை இவர் மேலே நின்றபோது கடைக்கு வரும் ஒருவர் என்னை மறித்துச் சப்பாத்துக் கொக்கியைக் காட்டினார். நான் குனிந்து அதைச் சரிசெய்துகொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் இவர் மேட்டின் பாதிக்கு வந்துவிட்டார். இடது பக்கம் ஒரு திருப்பம், வலது பக்கம் ஒன்று, திரும்ப இடது. கைகளை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு, வாயைத் திறந்து சிரித்துக்கொண்டு வந்தார். கீழே சமோசா வைத்து நின்று, அங்கே நின்ற நாலு வயதுப் பிள்ளை ஒன்றோடு கைதட்டிக்கொண்டார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ வருஷம். உணவகத்திலிருந்து வரும்போது சிரிக்கத் தெம்பு இருந்ததில்லை.

"பார்த்தனீரோ? பார்த்தனீரோ?" என்று கத்தினார்.

"பார்த்தனான்," என்றேன்.

சந்தோஷப்பட்டேன். உண்மையாகவே. எனக்கும் இந்த மலையில் முதல் தடவை விழாமல் வந்த நாள் நினைவுக்கு வந்தது. அன்று என்னை ஒருவரும் பார்க்கவில்லை, ஒருவரும் கூப்பிடவும் இல்லை.

கடையில் நாலரைக்கு எனக்குப் பதில் ஒரு பெண் வந்து முக்கால் மணித்தியாலம் நிற்பாள். தினமும் அந்த நேரத்தில் கடைசி லிப்டில் மேலே போய், நாலு நாற்பதுக்குத் தனியாக இறங்குவேன். பாதையில் ஒரு சனம் இருக்காது. வெளிச்சம் மெல்லக் குறைந்துகொண்டு வரும், பலகையின் சத்தம் மட்டும் கேட்கும். பத்து நிமிஷம்தான். அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் நாள் முழுவதும் மற்றவர்களின் காலைப் பிடிக்கிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

இன்றும் போய்விட்டுப் பிந்தி வந்தேன். "ஏன் பிந்தினது?" என்று இவர் கேட்டார்.

"பலகைகளுக்கு மெழுகு போடுற வேலை," என்றேன்.

பெப்ரவரி 13, வியாழன்

இன்று முதல் தடவையாக நடு ஸ்டேஷன். கதிரை லிப்டில் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். கீழே பார்க்கவில்லை. மேலே இறங்கியதும் ஆல்ப்ஸ் மலைகளைப் பார்த்து, "இதுக்குப் பக்கத்திலையோ நீர் மூண்டு வருஷமா இருந்தனீர்?" என்று கேட்டார். நான் சப்பாத்தை இறுக்கச் சொன்னேன்.

நல்லாக வந்தார். மெதுவாக, வடிவில்லாமல், ஆனால் வந்தார். நீலப் பாதையில் ஒரே ஒரு பொல்லாத இடம், மரக்கொட்டிலடி வளைவு. திடீரென்று செங்குத்தாக இறங்கும், நிழல் விழும் இடம் என்பதால் பனி கண்ணாடியாகக் கிடக்கும். வளைவுக்குள் நுழைந்தபோது அவருடைய சமோசா நல்லாகத்தான் இருந்தது.

நான் கூப்பிட்டேன். "இஞ்சேருங்கோ! மெல்லமா!"

திரும்பினார். இருபது மீற்றர் சறுக்கிக்கொண்டு போய் வலையில் சிக்கினார். ஒரு பலகை ஒரு பக்கம், தடி ஒரு பக்கம். மூக்கிலிருந்து இரத்தம். நான் போய்த் தொட்டுப் பார்த்தேன். மூக்கு உடையவில்லை. பனியை உருட்டி மூக்கில் வைத்துக்கொண்டு கொட்டிலின் மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம்.

"நீர் கூப்பிட்டால் நான் விழுறன் எண்டு மிது சொன்னவள்."

நான் தடியில் ஒட்டியிருந்த பனியைத் தட்டினேன்.

"உமக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"எப்பயிருந்து?"

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்று சொல்லியிருக்கலாம். மிது சொல்வதற்கு முந்தியே தெரியும் என்று சொல்லியிருக்கலாம். கொக்கியைக் கழற்றித் திரும்ப மாட்டினேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"ஊர்சிட்டை வேண்டாம் எண்டு சொல்லிவிடட்டோ?"

"ஏன்?"

"உம்மடை அறையிலை ஒரு கப்தான் இருக்கு," என்றார். "மூண்டு வருஷம். ஒரு நாள் நான் வந்தால் குடிக்க எண்டு இன்னொண்டு வாங்க உமக்குத் தோணயில்லை. வந்த அண்டைக்கே கண்டனான்."

பலகைகளைத் தோளில் வைத்து நடந்தே இறங்கினோம். நாற்பது நிமிஷம். என்னுடையதையும் அவர்தான் தூக்கினார்.

பெப்ரவரி 14, வெள்ளி

காற்று. லிப்ட் எல்லாம் பூட்டு. மூன்று பேரும் ஒரு அறையில். இவரும் மிதுவும் உருளைக்கிழங்கு அவித்து எழுபது சமோசா சுட்டு லிப்ட் ஆட்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நானும் இவரும் மிதுவோடு பேசினோம், ஒருவரோடொருவர் பேசவில்லை. ஊர்சிடம் வேண்டாம் என்று சொன்னாரா என்று கேட்க வாய் வரவில்லை. மிதுதான் சொன்னாள், நாளைக்கு எட்டு மணி என்று.

எழுதிவிடுகிறேன், இங்கே எழுதாவிட்டால் எங்கே எழுதுவது. இவர் வந்து சேர்வதில் எனக்கு அரை மனம்தான். இவர் கெட்டவர் என்றால் இந்தக் கதை லேசு. கெட்டவர் இல்லை. வேண்டுமென்று விழுத்தவில்லை என்று சத்தியம் பண்ணுவேன். ஆனால் அந்தச் சொல் வாயில் வந்தபோது நான் அதை விழுங்கவும் இல்லை.

பெப்ரவரி 15, சனி

காலையில் பாதை சீர்செய்யும் வண்டி பழுதாகி, எட்டு மணி ஒன்பதே கால் ஆகிவிட்டது. சரியாக ராகுகாலத்துக்குள். இவர் மணிக்கூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சப்பாத்தை இறுக்கினார். கடையில் ஒரு மணித்தியாலம் கேட்டு நானும் போனேன். பின்னால் வரலாம், உதவி செய்யக் கூடாது என்று ஊர்ஸ் சொல்லிவிட்டார்.

ஊர்ஸ் முன்னால், இவர் நடுவில், நான் பின்னால். மேல்பகுதியில் விழவில்லை. மரக்கொட்டிலடி வளைவின் தொடக்கத்தில் நின்றுவிட்டார். ஊர்ஸ் வளைவுக்குக் கீழே போய் நின்று கையைக் காட்டினார். இவர் அசையவில்லை. இரண்டு நிமிஷம் இருக்கும். ஊர்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

நான் இவருக்குப் பதினைந்து மீற்றர் மேலே நின்றேன். தோள் இரண்டும் உயர்ந்து கழுத்து உள்ளே போயிருந்தது. நான் கூப்பிடுவதற்குக் காத்திருக்கிறார் என்று தெரிந்தது. வழக்கம்போல் கூப்பிட்டால் திரும்புவார், வியாழக்கிழமை போல வலைக்குள் போவார். கூப்பிடாமல் விட்டாலும் போதும். பலகையைக் கழற்றிவிட்டு நடந்து இறங்குவார். ஒருவரும் என்னைக் குறை சொல்ல முடியாது. பேர்ணுக்குப் போய், மாதத்துக்கு ஒருமுறை போன் எடுத்துச் சாப்பிட்டீரோ என்று கேட்பார். என் ஜன்னல் எனக்கு இருக்கும், என் பத்து நிமிஷம் எனக்கு இருக்கும்.

இவர் குனிந்தார். பலகையின் பூட்டில் கையை வைத்தார். கையுறை போட்ட கை பூட்டைத் தேடித் தடவியது. இடது கையுறையில் நான் போன வருஷம் தைத்துக் கொடுத்த ஒட்டு. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் பேசாமல் நிற்க முடியவில்லை.

"குலேந்திரன்!"

என் குரலா என்று எனக்கே தெரியவில்லை. கீழே நின்ற ஊர்ஸ் நிமிர்ந்து பார்த்தார். இவர் திரும்பவில்லை. பூட்டிலிருந்து கையை எடுத்து நிமிர்ந்து, நேரே கீழே பார்த்தார்.

"குலேந்திரன்! சமோசா! என்னைப் பார்க்காதேங்கோ. போங்கோ!"

போனார். பனியில் பலகை கரகரவென்று உரசியது. வளைவில் ஒரு கால் தடுமாறியது, நான் வாயைப் பொத்திக்கொண்டேன், கால் திரும்பச் சேர்ந்தது. கொட்டிலைத் தாண்டினார். கீழே அடிவாரம் வரை நிற்கவே இல்லை. நான் அழுதுகொண்டு பின்னால் போனேன், கண்ணாடிக்குள் ஒன்றும் தெரியவில்லை, அடிவாரத்தில் விழுந்தது நான்.

"வடிவில்லை. ஆனால் வந்து சேர்ந்தார்," என்றார் ஊர்ஸ். "மார்ச் முதலாம் திகதியிலிருந்து வரட்டும். சமோசாவும் கொண்டு வரட்டும்."

பின்னேரம் மிது நண்பிகளோடு போய்விட்டாள். இவர் தேத்தண்ணி ஊற்றி என் கப்பை எனக்குத் தந்துவிட்டு, தன்னுடையதை ஜாம் போத்தலில் குடித்தார். கிழமை முழுக்க அதில்தான் குடித்திருக்கிறார். நான் இன்றுதான் கவனித்தேன்.

"என்ரை பேர் உமக்குத் தெரியும் எண்டு எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது," என்றார்.

சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"புதன்கிழமை மெழுகு போடுற வேலை இல்லை. நான் ஒவ்வொரு நாளும் நாலு நாற்பதுக்குத் தனிய இறங்கிறனான். அதிலை ஆரும் என்னோடை வரக் கூடாது. நீங்களும்தான். அது எனக்கு வேணும்."

போத்தலைக் கீழே வைத்தார்.

"அந்த நேரம் நடு ஸ்டேஷனிலை வேலைக்கு நிக்கப்போறது நான். கடைசிக் கதிரையிலை உம்மை ஏத்தி விடுறதும் நான்தான்."

"ஓம்."

"ஏத்தி விட்டுட்டு மற்றப் பக்கம் பார்க்கிறன்," என்றார்.

பெப்ரவரி 16, ஞாயிறு

ஒன்பது இருபது பஸ்ஸில் போய்விட்டார்கள். அரிசியும் குக்கரும் இங்கேயே. கடையில் நாற்பத்தொரு சோடி, எல்லாம் திரும்பி வந்தவை. அடுத்த கன்டோனின் பாடசாலைகளுக்கு நாளைக்கு விடுமுறை தொடங்குகிறது, திரும்ப முதலிலிருந்து.

நாலு நாற்பதுக்கு இறங்கினேன். மரக்கொட்டிலடியில் நிற்கவில்லை.

இரவு பாணும் சீஸும் தின்றேன். உப்பைப் பழைய இடத்தில் தேடி, அவர் வைத்த இடத்தில் எடுத்து, அங்கேயே திரும்ப வைத்தேன். களைப்பாக இருக்கிறது. இரண்டு கிழமையில் இந்த அறை இந்த அறையாக இருக்காது. பயமாகவும் இருக்கிறது. இனி இவர் தானாக வந்தார் என்று குறை சொல்ல ஏலாது. பேர் சொல்லிக் கூப்பிட்டது நான்தான்.

ஒன்பது மணிக்குப் போனில் எழுதியிருந்தார்: வந்து சேர்ந்தோம். மார்ச்சுக்கு வேறு என்ன கொண்டு வர வேண்டும்?

கனநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பதில் போட்டேன்.

உங்களுடைய கப்.